நாற்பத்தொன்றாவது வரி

காரைக்குடி, செக்காலைச் சாலை, மாடியில் கணக்கலுவலகம்.
கீழே புரோட்டாக் கல் ஆறிவிட்டது.
இங்கே இரவு பத்தரை; மலாவியில் மாலை ஏழு.
தண்டிவே அனுப்பிய தாள் திறக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
எல்லாவற்றின் நெற்றியிலும் டாலர் குறி.

என் வேலை சிறியது.
கூட்டல் சரியா, நாணய மாற்று சரியா,
போகிற பணம் திரும்பி வருமா, அவ்வளவுதான்.
ஜெனீவாவில் யாரோ சென்னைக்குக் கொடுத்து
சென்னை எங்கள் பக்கம் தள்ளிவிட்ட வேலை.
மணிக்கு இவ்வளவு என்று கூலி.

பன்னிரண்டாவது வரி, சூரியத் தகடுகள்.
தகராறே இல்லை.
வெயில் மின்சாரமாகும், மின்சாரம் காசாகும்,
பதினெட்டு வருஷத்தில் அசலும் வட்டியும் அடைந்துவிடும்.
கட்டம் பச்சை.

நாற்பத்தொன்று:
ஆற்றங்கரையை உயர்த்துதல், ஒன்பது கிலோமீட்டர்.
போன புயலில் அறுத்துக்கொண்டு போன இடம்.
பின்னால் மூன்று கிராமம், ஒரு பள்ளிக்கூடம்,
இடுப்புயரம் மக்காச்சோளம்.
'வருமானம்' என்ற கட்டம் வெறுமை.
கணினி அதைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறது.

"உடையாத கரை என்ன சம்பாதிக்கும்?"
தண்டிவே கேட்டாள், சிரிக்காமல்.
பூஜ்யம் போட்டால் தள்ளுபடி, என்றேன்.
பொய் போட்டால் கடன்.
கடன் டாலரில்.
அவள் நாட்டுக் குவாச்சாவோ
ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு சுற்று இளைக்கிறது.
புதிதாக ஒரு காசு வாங்காமலே
வாங்கியது வளர்ந்துகொண்டிருக்கும்.
"அப்படியென்றால் மழைக்கும் நாங்கள்தான் வட்டி கட்டுகிறோம்"
என்றாள். இணைப்பு விட்டுப்போனது.
அல்லது வைத்துவிட்டாள்.

எனக்கு இது தெரியாத கணக்கா?
என் பெயர் சாத்தப்பன்.
வீட்டு முகப்பில் எட்டுத் தூண், பர்மாத் தேக்கு.
வருகிறவர்கள் தடவிப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள்.
பெட்டகத்தில் கிடக்கும் பேரேட்டைப் புரட்டியவன் நான்.
வெள்ளம் வந்த வருஷம்,
நெல் அழுகிய வருஷம்,
தவணை தவறிய வருஷம்,
ஐராவதியோரத்து வயல் எங்கள் பற்றில் ஏறிய வருஷம்
எல்லாம் ஒரே வருஷம்.

அதே பேரேட்டில், சிவமயத்துக்குக் கீழே,
வரவுக்கு வரவு ஒரு சின்னத் தொகை:
மகமை.
லாபம் எண்ணும் முன்பே எடுத்து வைத்தது.
ஊருணி வெட்டியது அந்தக் காசில்.
ஊருணியிடம் யாரும் தவணை கேட்கவில்லை.
(யார் கட்டிய தவணை அது என்று
ஐராவதியோரத்தில் கேட்டுப் பார்க்கலாம்.)

நடுவில் வாசலில் ஹாரன்.
தண்ணீர் லாரி, பகலில் வரவேண்டியது.
போன வாரம் தொள்ளாயிரம். இன்று ஆயிரத்து இருநூறு.
"கெணத்துல சகதிதான் ஏறுது சார்,
ரெண்டு ஊர் தள்ளிப் போய்ப் புடிச்சேன்"
என்றான் காத்தமுத்து, குழாயை மாட்டிக்கொண்டே.
கொடுத்தேன்.
அலுவலகக் கணக்கில் எழுதினேன்: சில்லறைச் செலவு.
காலநிலைத் தகவமைப்பு என்று எழுதத் தோன்றவில்லை.
யாரும் எனக்குப் படிவம் அனுப்பவில்லை,
யாரும் என்னிடம் வருமானம் என்னவென்று கேட்கவுமில்லை.

மேலே வந்தேன்.
சிவப்புக் கட்டம் அப்படியே காத்திருந்தது.
எண் மட்டுமே ஏற்கும் கட்டம்;
பக்கத்தில் குறிப்புக்கு ஓர் இடம்.
ஆங்கில எழுத்தில் ஆறு தட்டினேன்: மகமை.
அனுப்பிவிட்டு விசிறியை அணைத்தேன்.

காலையில் இரண்டு பதில்கள்.

ஜெனீவாவிலிருந்து:
நாற்பத்தொன்றாவது வரியில் குறிப்பிட்டிருப்பது
எந்த நாட்டு நாணயம்?
மாற்று விகிதம் இணைக்கவும்.

தண்டிவேயிடமிருந்து:
மழைக்கு இன்னும் நூற்று அறுபது நாள்.
மண் சுமக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள்,
கூடையும் அவர்களே கொண்டுவந்திருக்கிறார்கள்.
கூலி குவாச்சாவிலேயே போதுமாம்.
என்ன சொல்லட்டும்?